கையெழுத்து

"சப்ளையரைக் காயவிட்டால்தான் வழிக்கு வருவான்" என்பது மருத்துவமனைக் கொள்முதல் அதிகாரியின் வேதவாக்கு. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு பெட்டிகூட உள்ளே போகாது.

மாடியில் அவருடைய அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை. மனம் ஒரு நிலையில் இல்லை.

பியூன் எட்டிப் பார்த்தார். "சார், பெஞ்சுல ஒரு சப்ளையர். ரொம்ப அவசரமாம்."

"அவனுங்களுக்கு என்னைக்கு அவசரமில்ல? உட்காரட்டும்."

பியூன் மனம் கேட்காமல் அந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் தலைகுனிந்து வந்தார். "மன்னிச்சிடுங்க சார். அம்மாவைக் காப்பாத்த முடியல. அவங்களுக்கு வச்சிருந்த வால்வு அளவு பொருந்தல. வேற அளவு கேட்டோம். இதோ வந்துட்டேன்னு சொன்ன சப்ளையர் கடைசிவரை வரல."

அதிகாரி தடுமாறி வெளியே வந்தார்.

பெஞ்சிலிருந்தவர் பெட்டியை அணைத்தபடி பணிவாக எழுந்தார். "இப்பவாவது கையெழுத்துப் போடுறீங்களா சார்? மேல ஒரு உயிர் காத்துக்கிட்டிருக்கு."