முப்பத்தோராவது வரி

உயிர்வேதியியல் மேடம் கறாரான பேர்வழி. சர்க்கரை உடைகிற பத்துப் படிகளைக் கணினித் திரையில் இழுத்து வரிசைப்படுத்தும் பாடத்தை அவரே வடிவமைத்திருந்தார். தவறினால் அடுத்த வாரம் மீண்டும் முயலலாம். பத்தும் சரியென்றால் பாடம் மூடிக்கொள்ளும். அந்த மாணவருக்கு மறுபடி திறக்காது.

வகுப்பில் முப்பது பேர். ஆளுக்கொரு வரியாக மதிப்பெண் காட்டும் மேடத்தின் திரையில் மட்டும் முப்பத்தொரு வரிகள். கடைசி வரிக்குப் பெயரில்லை. வாராவாரம் அது மூன்றாம் படியையும் நான்காம் படியையும் மாற்றிப் போட்டு எட்டு மதிப்பெண் வாங்கியது.

"ஏதோ கோளாறு மேடம். அழிச்சிடட்டுமா?" என்றார் கணினிக்காரர்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்பா."

போன வருடம் அவருடைய மகளும் இதே வகுப்பில் அந்த இரண்டையும்தான் மாற்றிப் போடுவாள். "எல்லாரும் முடிச்சாச்சு, இன்னும் எத்தனை வாரம்டி இதையே கட்டிக்கிட்டு அழுவே?" என்று அத்தனை பேர் முன்னாலும் சீறினார். அந்த வாரமே காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

இன்று முப்பதாவது மாணவனும் முடித்துவிட்டுக் கிளம்பினான். கடைசி வரியில், உதவி கேட்டால் ஒளிரும் மஞ்சள் விளக்கு முதன்முறையாக எரிந்தது. மூன்றையும் நான்கையும் இடம் மாற்று என்று எழுதினால் போதும். பத்தும் சரியாகிவிடும். பாடம் மூடிக்கொள்ளும்.

மேடம் விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டார். பிறகு தட்டினார்:

"அவசரமே இல்லடி கண்ணு. எத்தனை வாரம் வேணும்னாலும் எடுத்துக்கோ."