வாசல்படி வரைக்கும்

"வாசல் வரைக்கும் ஆடிக்கிட்டுத்தானே வந்தா? இப்ப என்னலா ஆச்சு?" என்றாள் பக்கத்து வீட்டு வீரம்மா.

நான்கு வயது நாச்சி பாலர் பள்ளியின் படியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் கவுனுக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவள் அம்மா மெய்யம்மை குனிந்தாள். "எந்திரி கண்ணு. உள்ள பாரு, சறுக்கு மரமெல்லாம் இருக்கு."

நாச்சி எட்டிப் பார்த்தாள். கண்ணில் ஆசை தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

படியோரம் சின்னச் சின்னச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஸ்டாக்கிங் சுருண்டு கிடந்தது.

"கூச்சப்படாத. சப்பாத்தைக் கழட்டிட்டு டீச்சரோட வா" என்று ஆசிரியை சீதாலெட்சுமி கையை நீட்டினார்.

நாச்சி அலறினாள். உள்ளே பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன.

"ரொம்பக் கூச்ச சுபாவம்போல. அடுத்த வருஷம் கொண்டாங்களேன்" என்றார் ஆசிரியை.

பிரிக்ஃபீல்ட்ஸில் அது இரண்டாவது பாலர் பள்ளி. முதல் பள்ளியிலும் இப்படித்தான். உள்ளே போகவே இல்லை.

தெருவுக்கு வந்ததும் அழுகை நின்றுவிட்டது. ஒரு மினி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "மாசோக்! மாசோக்!" என்று ஆட்களை உள்ளே நெருக்கித் தள்ளினார்.

"பாருங்க ஆத்தா!" என்று அம்மாவின் சேலையை இழுத்த நாச்சி, அதே குரலில் "மாசோக்! மாசோக்!" என்று கூவினாள்.

வீரம்மா சிரித்தாள். "பாத்தியா மெய்யம்மை? எல்லாரையும் உள்ள போ உள்ள போங்குறா. தான் மட்டும் போக மாட்டேங்குறா. இவளுக்கா கூச்சம்? எங்கிட்டக்கூட வாய் ஓயலையேலா."

அதுதான் மெய்யம்மைக்கும் புரியவில்லை.

அன்று சாப்பிடும்போது நாச்சியின் அப்பா அடைக்கப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். உறவினர் கம்பெனியில் வேலை என்று குடும்பத்தோடு காரைக்குடியிலிருந்து கடல் கடந்து வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"பிள்ளைக்கு இந்த ஊரு ஒட்டலை. நாளைக்கும் உள்ள போகலைன்னா டிக்கெட் போட்டுர்றேன். ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருங்க. பெரியப்பா பிள்ளைகளோட இருந்து பழகட்டும். ஒண்ணாம் வகுப்புக்கு வந்தாப் போதும்."

"அதுவரைக்கும் நீங்க இங்க தனியாவா?"

"வேற என்ன செய்யச் சொல்ற?"

மெய்யம்மை அவன் தட்டையே பார்த்தாள். "புது ஊரு. எத்தனை புதுக் கண்ணு..."

"ஆரம்பிச்சிட்டியா? பி.எஸ்ஸி. படிச்சவ பேசுற பேச்சா இது? முத நாளே பிள்ளை கன்னத்தில இத்தாம் பெரிய மைப்பொட்டு. நல்லவேளை, நான் பாத்து அழிச்சேன். இல்லேன்னா இந்த ஊர்ப் பிள்ளைங்க சிரிச்சிருக்கும்."

"அதான் இப்பக் கன்னத்தில வைக்கிறதே இல்லையே" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

மறுநாள் அடைக்கப்பனும் லீவு போட்டான். மெய்யம்மை மகளை அறைக்குள் கூட்டிப் போய் ஸ்டாக்கிங் மாட்டி, சப்பாத்தை இறுக்கிக் கட்டி அழைத்து வந்தாள். மகளின் கன்னம் சுத்தமாக இருக்கிறதா என்று அவன் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

மூன்றாவது பள்ளி ஒரு பழைய வீட்டில் நடந்தது. விடிய விடிய மழை. ஆசிரியை கோமதி துடைப்பமும் கையுமாக நின்றிருந்தார்.

"கூரை ஒழுகிருச்சு, முன்னறையெல்லாம் ஈரம். சப்பாத்தோடயே வாங்க சார், பரவால்லலா."

மெய்யம்மை மகளின் கையை விட்டாள்.

நாச்சி வாசல்படியைத் தாண்டிக் குதித்து உள்ளே போனாள். "அப்பச்சி, வாங்க!" என்று அப்பாவையும் கூப்பிட்டாள். கட்டைகளை அடுக்கி பஸ் செய்தாள். பக்கத்திலிருந்த பையனை "மாசோக்!" என்று அதில் ஏற்றினாள்.

"இவளா நேத்து அழுதா?" என்றான் அடைக்கப்பன்.

மெய்யம்மை யோசித்தாள். அதே பிள்ளை, அதே கவுன். மாறியது எது? டீச்சரா? சுவரில் ஒட்டியிருந்த யானைப் படமா? அப்பா கூட வந்ததா? கல்லூரிச் சோதனைச்சாலையில் செய்வதுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. போகட்டும், டிக்கெட் போடும் பேச்சு ஒழிந்தது.

அதற்குள் கோமதி பின்னறையில் பாய் விரித்தார். "கதை நேரம்! எல்லாரும் சப்பாத்து, ஸ்டாக்கிங் கழட்டிட்டுப் பாய்க்கு வாங்க."

பிள்ளைகள் கழற்றி வீசிவிட்டு ஓடின. நாச்சி கையிலிருந்த கட்டையை நழுவவிட்டாள். தரையில் உட்கார்ந்து, கால்களைக் கவுனுக்குள் இழுத்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது.

"அவ்வளவுதான்" என்றான் அடைக்கப்பன் தாழ்ந்த குரலில். "நான் டிக்கெட்டுக்குச் சொல்லிர்றேன்."

கோமதி வந்து நாச்சியின் அருகில் அமர்ந்தார். "ஏன்மா, காலு வலிக்குதா? டீச்சர் கழட்டி விடட்டுமா?"

ஒரு சப்பாத்து கழன்றது. ஸ்டாக்கிங்கில் கை பட்டதும் நாச்சி அதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, கோமதியைத் தாண்டி அம்மாவைப் பார்த்து அழுதாள்.

"ஆத்தா, டீச்சருக்கு மட்டும் காட்டலாமா? உள்ளங்கால்ல வச்ச மைப்பொட்டை யாருக்கும் காட்டக் கூடாது, அப்பச்சிக்குக்கூடக் காட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"