லினக்ஸ் நண்பர்

கம்ப்யூட்டரை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றி மூன்று வாரமாகியும், அதில் இணைத்துப் பாட்டு வாசிக்கும் கணவரின் மிடி கீபோர்டு வாயைத் திறக்கவில்லை. கட்டையை அழுத்தினால் கம்ப்யூட்டர் திரையில் பச்சைப் பட்டை துள்ளியது. ஸ்பீக்கர் கல்லுளிமங்கனாக இருந்தது.

"இன்னிக்காவது சத்தம் வந்துச்சா?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"வரும். இணையத்துல ஒரு நண்பர் கூடவே நின்னு சொல்லிக் குடுக்கிறார். நேத்து அவர் சொல்லித்தான் நாலாவது தடவையா எல்லாத்தையும் அழிச்சிட்டு லினக்ஸைத் திரும்பப் போட்டேன். தங்கமான மனுஷன், சலிச்சுக்கவே மாட்டார். நீயும்தான் கம்ப்யூட்டர் டீச்சர், ஒரு நாள் எட்டிப் பார்த்திருக்கியா?"

"எனக்கு எங்கங்க நேரம்?"

அவர் நண்பருக்கு அடுத்த கேள்வியைத் தட்டி அனுப்பினார்.

சமையலறையில் மனைவியின் போன் அதிர்ந்தது. ஆறு மாதம் விடியற்காலையில் ஒரே பாட்டை அவர் தப்புத்தப்பாக வாசிக்கக் கேட்ட காதுகள் இந்த மூன்று வாரமாகத்தான் நிம்மதியாக இருந்தன. சவுண்ட்ஃபாண்ட் என்ற ஒரே ஒரு ஃபைலைப் போட்டால் கீபோர்டு பாடிவிடும் என்பதை இன்றைக்கும் எழுதாமல் பதில் அனுப்பினாள்:

"நெருங்கிவிட்டீர்கள் நண்பரே! எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்."

அறையிலிருந்து கணவரின் குரல் கேட்டது: "பாத்தியா, ரெண்டே நிமிஷத்துல பதில்! இவரைப் பாத்துக் கத்துக்கோ!"