நீரூற்று வரை

அவள் டிக்கெட்டை நீட்டினாள்.

"என்ன பாப்பா, இன்னிக்குமா? போன மாசமும் இதே பச்சச் சேலதான கட்டியிருந்த?"

வாசலில் டிக்கெட் கிழிக்கும் செபஸ்தியம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டடி பின்னால் நின்றார்கள்.

"வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுது இந்தம்மா," என்றாள் அவளோடு வந்த அத்தை, பொதுவாக. "நாங்க இங்க வர்றது இதான் மொத தடவ."

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா.

வீட்டுக்கு வரவழைத்து பஜ்ஜி கொடுத்து, பிறகு பிடிக்கவில்லை என்று சேதி வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. இரண்டு குடும்பமும் பூச்சி பார்க்க வந்ததுபோல வரலாம். பெண்ணும் பையனும் நீரூற்று வரை நடக்கலாம். பிடிக்காவிட்டால், "வெயிலா இருக்கு, திரும்பிரலாமா?" என்றால் போதும்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. இதுவரை மூன்று பேர் அப்படிச் சொல்லிவிட்டார்கள்.

ஒருவர் மார்கழியில் சொன்னார்.

இன்று வந்தவனுக்குக் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. நகக்கண்ணில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. வழியில் அதிகம் பேசவில்லை. ஒரு செடியின் பெயர்ப்பலகையை நின்று படித்தான்.

நீரூற்றில் தண்ணீர் வரவில்லை.

"வாசல்ல அந்தம்மா சொன்னது உங்களத்தானே?"

தூரத்து பெஞ்சிலிருந்து அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பேச்சு கேட்காது. முகம் தெரியும்.

இல்லை என்று சொல்லிவிடலாம். அத்தை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

"ஆமா," என்றாள். "இது நாலாவது தடவ."

அவன் தலையாட்டினான். அண்ணாந்து பார்த்தான்.

வெயில் நன்றாகவே அடித்தது.

அவள் கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டு, வந்த பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றான்.

"தெரியாது. இதுவரைக்குந்தான் வந்திருக்கேன்."

அவன் மேலே நாலு எட்டு நடந்தான். நின்றான். திரும்பிப் பார்த்தான்.

பின்னாலிருந்து அத்தை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாம் முறை இன்னும் சத்தமாக.

சிமென்ட் தளம் அங்கே முடிந்திருந்தது. அதற்கப்புறம் மண் பாதை. முந்தின நாள் மழையில் நொதநொதவென்று கிடந்தது.

அவள் சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.