மயிலுக்குக் கீழே

மீனாட்சியம்மாள் பையிலிருந்து எடுத்து வைத்த தேக்குத் தட்டைக் கோகிலவாணி புரட்டிப் பார்த்தாள்.

தட்டின் முதுகில் ஒரு மயில் தோகை விரித்து நின்றது. அவளே வரைந்த மயில்.

தாராவி தொண்ணூறடி ரோட்டில் மரச்சாமான்களில் பெயர் சுட்டுக் கொடுக்கும் கடை அவளுடையது. கடை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, பிளக்கில் செருகினால் முனை சிவக்கும் கரண்ட் பேனா ஒன்று. கல்யாணமோ, காதுகுத்தோ, வைக்கிற சீரில் வைத்தவர் பெயர் இருந்தாக வேண்டும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு. பெயரில்லாத சீரும் வைக்காத சீரும் அவர்களுக்கு ஒன்றுதான்.

பெயர் போடுவது பாதித் தொழில். மீதிப் பாதி, போட்ட பெயரை மறைப்பது.

வந்த சீரைப் பரணில் போட்டு வைத்து, அடுத்த வீட்டு விசேஷத்துக்குத் தள்ளிவிட நினைப்பவர்கள் முதலில் இங்கேதான் வருவார்கள். சுட்டு எழுதிய பெயர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதன் மேல் இன்னும் கறுப்பாக எதையாவது சுட வேண்டும். அப்படித் தள்ளிவிடும் சீருக்குப் புதுப் பெயர் சுடுவதில்லை, சீட்டில் எழுதி ஒட்டுவதோடு சரி. கோகிலவாணிக்கு மயில் நன்றாக வரும். எவ்வளவு நீளமான பெயரையும் தோகை விழுங்கிவிடும். தாராவியில் பல வீட்டு மயில்கள் வாயைத் திறந்தால் பெரிய சண்டையே வந்துவிடும்.

இந்த மயில் விழுங்கியிருப்பது மீனாட்சியம்மாளின் பெயரை.

அவரோ ஒன்றும் அறியாதவராக எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எம்மவன் கடை தொறந்ததுக்கு நம்ம சொந்தக்காரன் சொரிமுத்து குடுத்தது. வந்தது வந்தபடி பரண்ல கெடந்துச்சு. எடது கைப்புடி ஆடும், பாத்துப் புடி. ஞாயித்துக்கெழம தம்பி மக கல்யாணம். சீர இதுலதான் வச்சுக் கொண்டுபோறேன். எழுதி ஜல்தி குடு.”

தம்பி என்றால் கணேசபாண்டியன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் கோபர்கைரனேயில் ஃப்ளாட் வாங்கிப் பால் காய்ச்சினார். அக்கா வந்துதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று பேச்சு. அக்காவோ மழைத் தண்ணீரில் நின்றுபோன ரயிலுக்குள் இருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஆளாளுக்கு அவசரப்படுத்த, இங்கே பால் பொங்கிவிட்டது. நனைந்த புடவையோடு போய்ச் சேர்ந்தவர், கொண்டுபோன தேக்குத் தட்டை வைத்துவிட்டு, நீட்டிய பாலில் ஒரு வாய்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். தப்பு மழையுடையது. மழையோடு பேசாமல் இருக்க முடியாதென்று அக்காவும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்துகொண்டார்கள்.

அந்தக் கோபத்தில்தான் கணேசபாண்டியன் தட்டைத் தூக்கிக்கொண்டு கோகிலவாணியிடம் வந்தார். பேர் தெரியக் கூடாது என்றார். முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி எழுத்து மறையும்போது மட்டும் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தத் தட்டைத்தான் அவர் சொரிமுத்து தலையில் கட்டியிருக்கிறார். அது ஊரைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

“போன வாரம் அவனே நேர்ல வந்து பத்திரிக வச்சான்ட்டி,” என்றார் மீனாட்சியம்மாள். அதைச் சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. மூன்று வருடமாக அந்த ஒரு வருகைக்காகத்தான் காத்திருந்தார்.

கோகிலவாணிக்குப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்த மயிலைக் கல்யாண மண்டபத்தில் பார்த்தால் கணேசபாண்டியன் என்ன நினைப்பார்? சபையில் வைத்துத் தன் மானத்தை வாங்க வந்திருக்கிறாள் அக்கா என்றுதான் நினைப்பார். ஒட்ட வந்த உறவு அங்கேயே முறிந்துவிடும். உண்மையை இப்போதே சொன்னாலோ, இந்த அம்மாள் கல்யாணத்துக்கே போகமாட்டார்.

கரண்ட் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தாள். தலைக்கு மேல் மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பேனா முனை தேய்ந்துவிட்டது என்றாள். அது அந்த நேரம் பார்த்துச் சிவந்து நின்றது.

“எடமே இல்ல அத்தே, மயிலே பூரா அடைச்சிட்டு. புதுசா ஒரு தட்டு நான் தாரேன், அதக் கொண்டுபோங்க,” என்றாள் கடைசியாக.

“மயிலுக்குக் கீழ எடம் இருக்குல்லா. அங்க போடு.”

வேறு வழி இல்லை. தட்டை மடியில் சாய்த்துப் பேனாவைக் கையில் எடுத்தாள். எல்லோரிடமும் கேட்பதை இவரிடமும் கேட்டாள்.

“மீனாட்சியம்மாள்னு முழுசாப் போடவா அத்தே?”

“பேரு எதுக்குட்டி? அதான் ஏற்கெனவே மயிலுக்குள்ள இருக்கே.”

கோகிலவாணி நிமிரவில்லை. பேனா மரத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

“நான் வாங்கும்போதே ஆடுன கைப்புடி, எனக்கு மறந்துருமா? மயில நல்லாத்தான் வரைஞ்சிருக்க,” என்றபடி மீனாட்சியம்மாள் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அக்கான்னு மட்டும் போடு. நல்லா அழுத்திப் போடு. இத எத வச்சு மறைக்கான்னு பாப்போம்.”