பாதியில் நிற்கும் வீரன்

காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்குகிறது. தங்கச்சிமடத்திலிருந்து போன விசைப்படகு நேற்றே கரை சேர்ந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை. வீட்டில் கரண்டும் இல்லை. அதில் போன கணவன் ஆன்டனி ராஜ் சார்ஜரில் போட்டுவிட்டுப் போன பழைய வீடியோ கேம் ஜெப்சியின் கையில் இருக்கிறது; அதன் ஓரத்தில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. ஆட்டத்தில் நிற்கும் நால்வருக்கும் படகில் போன நால்வரின் பெயர்கள். மூவர் ஏற்கெனவே வாள்வீரர்களாகிவிட்டார்கள். ஆன்டனி மட்டும் அடுத்த நிலைக்கு ஏறாமல் நிற்கிறான். வாள்வீரனா, வைத்தியனா? ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் ஆட்டம் பதிவாகும். ஜெப்சியின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நிற்கிறது.

“தொடாத தாயி,” என்கிறாள் மாமியார் ஜோதிமேரி, வாசலில் கடலைப் பார்த்தபடியே. கடலுக்குப் போனவன் பாதியில் விட்டதை அவன் வரும்வரை இந்த வீட்டில் யாரும் முடிப்பதில்லை. அவன் மூடாமல் போன தைலப் புட்டிகூட அப்படியே திறந்து கிடக்கிறது. “சார்ஜ் தீந்தா இவுக அழிஞ்சிருவாக, அத்த.” ஜோதிமேரி வந்து குனிகிறாள். மகனின் பெயருக்குக் கீழே அந்தச் சின்ன உருவம் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருக்கிறது. திரை மங்குகிறது. “அந்த வைத்தியன் என்ன செய்வான்?” “விழுந்து கெடக்கிறவுகள எழுப்பிவிடுவாக.” ஜோதிமேரி மருமகளின் கட்டைவிரலை வைத்தியன் பக்கம் நகர்த்தி, அதன்மேல் தன் விரலை வைத்து அழுத்துகிறாள்.