பழைய பம்ப்பே போதும்

"பம்ப்பு போச்சுங்க அம்மிணி. டீசலே ஏறமாட்டேங்குது. புதுசுதான் போடோணும்," என்றார் மெக்கானிக் ஒச்சப்பன்.

மருதாம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணினாள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, பந்தலூரில் ஒரு மாவு மில்லை வைத்துப் பிழைப்பவள். எஞ்சின் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

"புதுசுக்கு நான் எங்க போவேன்? காதுத் தோட்டை வித்து இவ்வளவுதான் தேறிச்சு. பழசே போடுங்க அண்ணே."

"பழசு எப்பக் காலை வாரும்னு சொல்ல முடியாதுங்க. புதுசு போட்டுடறேன். மீதியை மெதுவா..."

"வேணவே வேணாம்!" மருதாம்பாள் சீறினாள். "கப்பல்ல இறங்கினதுல இருந்து எங்க மேல இரக்கப்பட்டவன் எல்லாம் எங்களை மொட்டையடிச்சிட்டுத்தான் போனான். உங்க இரக்கமும் வேணாம், கடனும் வேணாம். பழசே போதும்."

ஒச்சப்பன் தலையைச் சொறிந்தார்.

"சரிங்க. கோயமுத்தூர் போயி நல்ல பழசாப் பாத்து எடுத்தாறேன்."

எடுத்து வந்தார். கரியும் கிரீஸும் அப்பிக் கிடந்த பம்ப். தொடவே கூசியது. ஆனால் மாட்டியதும் மில் ஓடியதே, அதைச் சொல்ல வேண்டும்.

மறுவாரம் சந்தை நாள். பெல்ட் கேட்க மருதாம்பாள் அவர் பட்டறைக்குப் போனாள். பலகையில் ஒரு அட்டைப்பெட்டி. அவள் எஞ்சினுக்குப் போடுகிற பம்ப்பின் படம் போட்ட புத்தம்புதுப் பெட்டி. உள்ளே பம்ப் இல்லை, ஆணிகள்தான் இருந்தன.

"இது ஏதுண்ணே?"

ஒச்சப்பன் திருதிருவென்று விழித்தார். "அது... சும்மா கெடக்குதுங்க."

போதாதா? மளிகைக்கடை ராஜரத்தினத்தின் மில்லிலும் அதே எஞ்சின். போன வாரம் அங்கேயும் இவர்தான் வேலை பார்த்தார். தோடு விற்ற காசைப் போட்டு அங்கே புதுசை மாட்டிவிட்டு, அங்கே கழற்றிய குப்பையை இங்கே தள்ளிவிட்டார்!

சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"சிலோன்காரின்னா இளிச்சவாச்சியா? தோட்டை வித்த காசு ஒனக்குச் செரிக்குமாய்யா? நீ நல்லா இருப்பியா?"

கூட்டம் கூடிவிட்டது. ஒச்சப்பன் முகம் செத்துப்போனது.

"மில்லு ஓடுதுல்லீங்க அம்மிணி? ஓட்டுங்க," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாதவன் திருடன்தானே! ஊர் அப்படித்தான் முடிவு கட்டியது. பட்டறைக்கு வேலை வருவது நின்றது. மழைக்கு முன்னாலேயே கதவைச் சாத்திவிட்டு, அவர் மலையிறங்கிப் போய்விட்டார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வருஷம் எஞ்சின் லேசாகப் புகைந்தது. கூடலூரிலிருந்து தங்கவேலு என்ற மெக்கானிக் வந்தான். பம்ப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவியவன் சிரித்துவிட்டான்.

"யாருக்கா இதைப் பழசுன்னு சொன்னது?"

"ஏன் தம்பி?"

"கரிக்கு அடியில கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கு, பாருங்க. நட்டுல ஸ்பேனர் பட்டதே ஒருக்காதான். பழசைத் தேய்ச்சுப் புதுசுன்னு தலையில கட்டுறவனை நிறையப் பாத்திருக்கேன். புதுசுக்குக் கரியை அப்பிப் பழசுன்னு மாட்டினவனை இப்பத்தான் பாக்கிறேன். யாருக்கா அந்தக் கிறுக்கன்?"

சந்தை முழுக்கக் கேட்கக் கத்திய வாய்க்கு, அந்த ஒரு பெயரைச் சொல்ல வரவில்லை.